ஏழு லிட்டரும் முக்கால் லிட்டரும்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு மாருதி ஆல்ட்டோ கடந்து போகும். அப்பா ஓட்டுவார், அம்மா மடியில் கட்டைப்பை, பின்சீட்டில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. நமக்குப் பழகிய காட்சிதான்.

1948 வரை இந்த ஊர் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அந்தக் காலத்தில் இந்திய மன்னர்கள் பலர் ஆசைப்பட்டு வாங்கிய கார் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். தமிழில் சொன்னால் வெள்ளிப் பேய்! வருவதே தெரியாது, அவ்வளவு அமைதி.

இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போமா? ஆல்ட்டோ 800இன் இன்ஜினில் மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு. 1907ஆம் ஆண்டு சில்வர் கோஸ்டுக்கு ஆறு சிலிண்டர், 7,036 சி.சி. ஏழு பாட்டில்! அப்படியானால் சக்தியும் ஒன்பது மடங்கு இருக்கும்தானே? இல்லை. இரண்டுக்கும் ஏறத்தாழ 48 குதிரைத்திறன்தான். முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

தாத்தாவிடம் கமலை இறைத்த கதையைக் கேளுங்கள். மாடுகள் மெல்ல நடக்கும், பெரிய சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். சின்ன வாளியால் அதே அளவு இறைக்க வேண்டுமென்றால் கை பறக்க வேண்டும். சில்வர் கோஸ்ட் கமலை, ஆல்ட்டோ வாளி. முழுச் சக்தியைக் காட்டும்போது பழைய இன்ஜின் நிமிடத்துக்கு 1,250 சுற்று சுற்றியது. ஆல்ட்டோ 6,000 சுற்று, அதாவது நொடிக்கு நூறு!

பழையதும் அப்படிச் சுற்றக் கூடாதா? ஒரு பென்சிலைப் பிடித்து மேலும் கீழும் வேகமாக ஆட்டுங்கள். அடுத்து உலக்கையை ஆட்டிப் பாருங்கள் (கால் பத்திரம்!). பிஸ்டனும் இப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. அன்றைய பிஸ்டன் கனத்த வார்ப்பிரும்பு, இன்றையது லேசான அலுமினியம்.

இன்னொரு ரகசியமும் உண்டு. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்துங்கள். காற்று எவ்வளவு நெருக்கப்படுகிறதோ அவ்வளவு பலமாக எதிர்த்துத் தள்ளும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைச் சில்வர் கோஸ்ட் மூன்றில் ஒரு பங்காகத்தான் நெருக்கியது. இன்றைய கார்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நெருக்கிவிட்டுக் கொளுத்துகின்றன. அன்றைய மட்டமான பெட்ரோலை அப்படி நெருக்கியிருந்தால் தாறுமாறாக வெடித்து இன்ஜின் டொக்டொக்கென்று தட்டும். மெக்கானிக் அண்ணன்கள் ‘நாக்கிங்’ என்பார்களே, அதுதான்.

சில்வர் கோஸ்டைக் கிளப்புவதும் லேசல்ல. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போச்சு! சாவியைத் திருகிப் புறப்படும் உங்கள் அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனாலும் பேயிடம் ஒரு வித்தை இருந்தது. மெல்லச் சுற்றும்போதே சக்கரத்தைத் திருகித் தள்ளும் பலம் அதற்கு ஆல்ட்டோவைப் போல நான்கு மடங்கு. 1911இல் இந்த வகைக் கார் ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பும்வரை டாப் கியரைவிட்டு இறங்கவே இல்லை. திருமயம் சாலையில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தால், அப்பாவின் இடது கை எத்தனை முறை கியருக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.