சுரங்கம் மூடியது, ரயில் நிற்கவில்லை: மாரிக்குப்பம் - குப்பம் பாதையின் பின்னணி என்ன?

சித்தூர்: சுரங்கங்களுக்காக அமைக்கப்படும் கிளை ரயில் பாதைகள், சுரங்கம் மூடப்பட்டதும் கைவிடப்படுவதே உலகெங்கும் வழக்கம். ஆனால், ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் தங்கவயலின் கிளைப்பாதை அவ்வாறு மறையவில்லை. இப்பாதையைச் சித்தூர் மாவட்டத்தின் குப்பம் வரை நீட்டிக்கும் திட்டமும் செயல்படுத்தப்பட்டு வருகிறது.

பாதை உருவானது எப்படி?

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. இயந்திரங்கள், நிலக்கரி, சுரங்கத்திற்குத் தாங்கலாக நிறுத்தும் மரங்கள் ஆகியவற்றை ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டிகளில் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக, அன்று பவுரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை சுமார் 16 கி.மீ. நீள அகலப்பாதை 1894-இல் திறக்கப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்கள் சுரங்கப் பகுதிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து தமிழர்கள் பெருமளவில் இங்கு குடியேறினர். சித்தூரும் 1911 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

மூடிய பின் என்ன நடந்தது?

3 கி.மீ.க்கும் அதிகமான ஆழம் வரை தோண்டப்பட்ட இச்சுரங்கங்களை நடத்தி வந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம், 2001 பிப்ரவரி 28-இல் பணியை நிறுத்தியது. ஊரில் வேலையிழந்த குடும்பங்களுக்கு பெங்களூரு மட்டுமே வழியானது. சீசன் டிக்கெட்டில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். சரக்குக்காகப் போடப்பட்ட தண்டவாளத்தை இன்று இப்பயணிகளே உயிர்ப்புடன் வைத்துள்ளனர்.

எல்லாக் கிளைப்பாதைகளுக்கும் இந்நிலை வாய்க்கவில்லை. அண்டைப் பகுதியில் இருந்த மொரப்பூர் - ஓசூர், திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி குறுகிய பாதைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல் மூடப்பட்டன. கோலார் பாதை அகலப்பாதையாக இருந்ததால் பெட்டிகள் மாறாமல் முதன்மைப் பாதையில் செல்ல முடிந்தது. இதுவும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம்.

குப்பம் இணைப்பால் என்ன பயன்?

மாரிக்குப்பம் தற்போது முட்டுப்பாதையின் கடைசி நிலையம். அங்கிருந்து குப்பம், திருப்பதி செல்வோர், எதிர்த்திசையில் பங்காருப்பேட்டைக்குச் சென்று ரயில் மாற வேண்டியுள்ளது. 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் பெற்ற சுமார் 24 கி.மீ. புதிய பாதை நிறைவடைந்தால், தங்கவயலிலிருந்து நேரடியாகக் குப்பம் சென்று, ஜோலார்பேட்டை, காட்பாடி, பாகாலா வழியாகத் திருப்பதியை அடையலாம். சென்னை - பெங்களூரு முதன்மைப் பாதையில் பங்காருப்பேட்டை - குப்பம் பகுதிக்கு மாற்று வழியும் கிடைக்கும்.

சித்தூர் மாவட்டத்தின் சிகரகுண்டா, பிசாநத்தம் தங்கச் சுரங்கங்களும் இந்த எல்லைப் பகுதியிலேயே உள்ளன. எனினும், தங்கம் மீண்டும் எடுக்கப்படுமா என்பதைக் காட்டிலும், விடியற்காலை ரயிலை நம்பி வாழும் மக்களுக்குப் புதிய பாதை எப்போது திறக்கப்படும் என்பதே முதன்மையான கேள்வியாக உள்ளது.