நோட்டில் வாசனைக்கு ஒரு கட்டம்

"என்னாடி, ஒங்க கொட்டாயில எலி கிலி செத்துக் கெடக்கா?"

காளான் போட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அத்தையிடமிருந்து வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். எத்தனை கிலோ வந்தது என்று யாரும் கேட்பதற்கு முன்பே நாற்றத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். கேட்டவுடன் என்ன செய்வோம்? ஜன்னலில் தொங்கும் சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டுவோம். வாசலில் இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வைப்போம். இரண்டும் தப்பு. முதலாவது காளானைக் கெடுக்கும். இரண்டாவது, கொட்டகைக்குள் நடப்பதை நமக்குச் சொல்லவரும் சேதியை அமுக்கிவிடும்.

ஆண்டிமடம் பக்கம் செம்மண் பூமி. மழையை நம்பிய நிலம் அதிகம். ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகிற வழியெல்லாம் முந்திரித் தோப்பு, இடையிடையே கடலை, தைலமரம், கரும்பு. முந்திரி பொறுக்கி முடிந்தபின் கையில் வேலை குறைகிற மாதங்களில், நிலமே இல்லாதவர்கூடக் கூரைக்கடியில் செய்யக்கூடிய பயிர் சிப்பிக் காளான். வைக்கோலுக்குத் தெற்கே கொள்ளிடக் கரை இருக்கிறது. சந்தேகம் கேட்க, சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. பத்துக்குப் பதினைந்தடி கீற்றுக் கொட்டகை, தரையில் மணல், ஜன்னலுக்குக் கொசுவலை, தெளிக்கத் தண்ணீர். முதலீடு இவ்வளவுதான் என்பதால் இதை எளிய தொழில் என்று நினைத்துவிடுகிறோம். மூடிய இடத்தில் வளரும் எந்தப் பயிருமே எளிதல்ல. வயலில் காற்றும் வெயிலும் இலவசம். உள்ளே அந்த இரண்டையும் நாம்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்தவேண்டும். அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். பிறகு பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, சோளத்தில் வளர்த்த காளான் வித்து ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி நிரப்பி, ஓட்டை போட்டுத் தொங்கவிட வேண்டும். பதினைந்து, இருபது நாளில் பை முழுக்க வெள்ளை இழை ஓடிவிடும். பையைக் கிழித்து விட்டுத் தண்ணீர் தெளித்தால் சில நாளில் மொட்டு. அதிலிருந்து மூன்று நான்கு நாளில் அறுவடை.

இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாசனை உண்டு. வெந்து ஆறிய வைக்கோலில் சோறு வடித்த கஞ்சியின் சாயல் இருக்கும். இழை நன்றாக ஓடிய பையை மூக்கருகே வைத்தால் மழைக்குப் பிந்தைய தோப்பின் வாடையோடு புதுக்காளான் மணம் வரும். அந்தக் காளான் மணத்துக்குக் காரணமான முக்கியப் பொருளின் பெயர் 1-ஆக்டீன்-3-ஆல். ஜப்பானியர்கள் கொண்டாடும் மட்சுடாகே காளானிலிருந்து 1930-களில் இதைப் பிரித்தெடுத்தார்கள். காளானின் திசு நசுங்கும்போது அதிலுள்ள லினோலிக் அமிலம் நொதிகளால் உடைந்து இது உண்டாகிறது. அதனால்தான் முழுக் காளானைவிட நறுக்கிய காளானுக்கு மணம் தூக்கல். வேடிக்கை என்னவென்றால், இதே பொருள் மனிதனின் வியர்வையிலும் மாட்டின் மூச்சிலும் இருக்கிறது. கொசுவைப் பொறிக்குள் இழுக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே கொட்டகையில் கொசு மொய்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், வலையைச் சரிபாருங்கள்.

எலி செத்த நாற்றம் இதிலெல்லாம் சேராது. அது பாக்டீரியாவின் வேலை. வைக்கோலில் ஈரம் கூடிவிட்டால் துண்டுகளுக்கிடையே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகிப் புளிக்க வைக்கும். முதலில் புளித்த மாவின் வாடை, பிறகு கெட்டுப்போன வெண்ணெயின் வாடை, கடைசியாக அழுகிய முட்டை வாடை. அந்த முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைப் பிடித்துவிடும். கடையில் விற்கும் மலிவான கருவிகளால் எட்ட முடியாத நுட்பம் இது. நாற்றம் வருகிறது என்றால் பைக்குள் கெடுதல் தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிய இன்னும் ஓரிரு நாள் ஆகலாம்.

நாற்றத்தை வடிகட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தகர டப்பாவில் ஓட்டை போட்டு, அடுப்புக்கரியை நிரப்பி, பின்னால் ஒரு சின்ன மின்விசிறியை வைத்தால் 'ஃபில்டர்' தயார். யோசனையில் குறையில்லை. கரி வாசனையைப் பிடிப்பது உண்மைதான். தேங்காய்ச் சிரட்டைக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் சூடாக்கினால் அதில் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்று தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குள் போடுவது அதைத்தான். அதில் ஒரு கிராமின் உள்பரப்பைப் பிரித்து விரித்தால் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரும், அதாவது கால் ஏக்கர். நாற்ற மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. சாதாரண அடுப்புக்கரிக்கு இதில் சொற்பம்தான் பரப்பு.

உலகத்தில் இந்தக் கரியை உள்ளறைப் பயிருக்குப் பெரிய அளவில் பயன்படுத்துவது கஞ்சாவுக்குத்தான். கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று அது சட்டபூர்வமானது. அங்கே உரிமம் பெற்ற நிறுவனங்கள், கட்டடத்திலிருந்து வாசனை வெளியேறாதபடி காற்றை வடிகட்ட வேண்டும், விதையிலிருந்து விற்பனைவரை கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. (இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமமின்றி அந்தச் செடியை வளர்ப்பதே குற்றம், அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.) நமக்கு அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூக்கும் பருவத்தில் அங்கே அறையின் ஈரப்பதத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பூ அழுகும். உலர்ந்த காற்றில் கரி நன்றாக வேலை செய்யும்.

நம் காளான் கொட்டகையில் ஈரப்பதம் 80, 85 சதவீதம் இருந்தாக வேண்டும். ஈரம் 70-ஐத் தாண்டினாலே கரியின் நுண்துளைகளில் தண்ணீர் புகுந்து அடைத்துக்கொள்ளத் தொடங்கும். நாற்றம் வந்து உட்கார இடமிருக்காது. போதாக்குறைக்கு, வெறும் கரி ஹைட்ரஜன் சல்பைடையும் அம்மோனியாவையும் சரியாகப் பிடிப்பதில்லை. ரசாயனம் ஏற்றிய கரி வேண்டும். ஆக, யாராவது கரி டப்பாவைக் காளான் கொட்டகைக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தராசு வாங்கலாம்.

சாக்கை இறுக்கிக் கட்டுவது இதைவிட மோசம். காளான் செடியல்ல, நம்மைப்போல ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சம் பங்குக்கு 420-ஐ ஒட்டி இருக்கிறது. மூடிய கொட்டகையில் ஓரிரவில் பல மடங்கு ஏறிவிடும். அப்போது சிப்பிக் காளான் குடையை விரிக்காமல் காம்பை நீட்டிக்கொண்டே போகும். காற்றைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நீளக்காம்பும் பொத்தான் அளவுக் குடையும் உள்ள காளானை ஆண்டிமடம் சந்தையிலும் வாங்க மாட்டார்கள், அரியலூரிலும் வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் அத்தைக்கு என்ன பதில்? நாற்றம் பிறக்கும் இடங்களைத் தேடிப் பார்த்தால் பாதி கொட்டகைக்கு வெளியே இருக்கும். வைக்கோல் ஊறிய தண்ணீரை வாசலோரமே கொட்டியிருப்போம். முடிந்த பைகளைப் பின்சுவரில் சாய்த்துக் குவித்திருப்போம். அறுவடையின்போது ஒடிந்த காம்பின் அடிக்கட்டை பையிலேயே அழுகிக்கொண்டிருக்கும். வேகவைத்த முறையென்றால் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். பழைய வைக்கோலைத் தள்ளியிருக்கும் எருக்குழிக்கு அன்றன்றே கொண்டுபோகலாம். அடிக்கட்டையை விரலால் திருகி எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான நாற்றம் இத்தோடு தீரும்.

மருந்துத் தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் உண்டு: கார்பென்டசிமும் ஃபார்மலினும் கலந்த நீரில் ஓரிரவுக்கு மேல். விறகுச் செலவு மிச்சம் என்று பலர் இதற்குப் போகிறார்கள். ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் எரிப்பதோடு நிற்பதில்லை. மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டை ஒட்டிய கொட்டகையில், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில், அது வேண்டாம் என்பேன். முந்திரிச் சுள்ளிக்குப் பஞ்சமில்லாத ஊரில் வேகவைப்பதே மேல்.

இன்னொரு வாசனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காய் மணம். பைக்கருகில் இளந்தேங்காய் துருவியதுபோல் இனிப்பாக மணந்தால் மகிழ வேண்டாம். ட்ரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணத்தின் பல ரகங்கள் 6-பென்டைல் பைரோன் என்ற பொருளை வெளியிடுகின்றன. அதன் மணம் அச்சு அசல் தேங்காய். முதலில் வெள்ளையாகப் படர்ந்து, பிறகு வித்துகள் முதிர்ந்து பாசிப்பச்சையாக மாறும். காளான் இழையையே தின்று தீர்க்கும் பூசணம் இது.

ஆண்டிமடத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். கடலை விதைக்கும்போது வேரழுகல் வராமலிருக்கக் கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்கிறோமே, அது இந்தப் பூசணத்தின் பங்காளி. வயலில் வேரைக் காக்கும் அதே குணம், மற்றப் பூசணத்தைத் தின்னும் குணம், கொட்டகைக்குள் வந்தால் காளான்மேல் பாயும். காளானும் பூசண இனம்தானே. விதைநேர்த்தி செய்த கையோடு, அதே சேலையோடு, வித்து போடப் போகக்கூடாது. அந்தப் பொட்டலத்தைக் கொட்டகைப் பரணில் வைக்கவும் கூடாது.

இனி நோட்டுக்கு வருவோம். நாற்பது பையில் ஆறு பை கெட்டுவிட்டால் நம் ஊரில் 'கண்ணு பட்டுடுச்சு' என்று வாசலில் பூசணிக்காய் கட்டுவார்கள். கட்டட்டும். கூடவே ஒரு நோட்டிலும் எழுதட்டும். பைக்கு எண் போட்டு, வித்து எங்கே வாங்கியது, வித்துப் பையிலுள்ள தேதி என்ன, வைக்கோல் யார் களத்தில் வாங்கியது, எத்தனை மணி நேரம் ஊறியது, எப்போது இழை நிறைந்தது, எப்போது மொட்டு, ஒவ்வொரு அறுவடையிலும் எத்தனை கிராம் என்று கோடு போட்டு எழுதினால், அந்த ஆறு பையும் ஒரே வித்துப் பொட்டலத்திலிருந்து வந்தவையா, ஒரே நாள் ஊறவைத்த வைக்கோலா என்பது தெரிந்துவிடும். திருஷ்டி யாருடையது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழியில்லை.

ஈரப்பதம் அளக்கக் கருவி இல்லாவிட்டால் இரண்டு சாதாரண வெப்பமானி போதும். ஒன்றின் குமிழில் பருத்தித் துணித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனை தண்ணீர்ப் புட்டியில் இருக்கும்படி கட்டுங்கள். காற்று உலர்ந்திருந்தால் ஈரத்துணி வேகமாக ஆவியாகிக் குளிரும்; ஈரம் நிறைந்திருந்தால் குளிராது. காய்ந்தது 28, ஈரமானது 26 என்று காட்டினால் ஈரப்பதம் சுமார் 85 சதவீதம், நல்லது. ஈரமானது 23 காட்டினால் 65 தான். சாக்கை நனைக்க வேண்டும்.

நோட்டில் வாசனைக்கென்று ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பெரிய வருணனை வேண்டாம். காளான், கஞ்சி, புளிப்பு, முட்டை, தேங்காய், இந்த ஐந்தில் ஒரு சொல் போதும். எழுதும் நேரம் முக்கியம். மூக்கு சில நிமிடத்திலேயே ஒரு வாடைக்குப் பழகிவிடும். உள்ளே அரைமணி வேலை செய்தவருக்கு எதுவும் நாறாது. அதனால் காலையில் கதவைத் திறந்த முதல் மூச்சில் என்ன வந்ததோ, அதை எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் சளி பிடிக்காத ஆள் யாரோ அவரிடம் அன்றைக்கு இந்தப் பொறுப்பு.

கடைசிக் கணக்கு ஒன்று உண்டு. பைக்கு அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் போட்டு, மூன்று அறுவடை சேர்த்து 400 கிராம் காளான் வந்தால் 80 சதவீதம். இந்த ஒரு விகிதத்தைத் தொகுப்புக்குத் தொகுப்பு எழுதி வந்தால் லாபமா நஷ்டமா என்பது கண்முன் நிற்கும். சித்திரை, வைகாசியில் இது சரியும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது சிப்பிக் காளான் தாங்காது. அந்த மாதங்களுக்குப் பால் காளான் பொருந்தும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே-2 ரகம் முப்பதுக்கு மேலான வெப்பத்திலும் விளையும்.

குடை விளிம்பு மேல்நோக்கிச் சுருளும்வரை காத்திருக்காதீர்கள். முற்றிய காளான் கொட்டும் வித்துத் தூள் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். தொடர் இருமல் வந்தால் முகக்கவசத்தோடு மட்டும் சமாளிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், செய்யும் தொழிலையும் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்துப் பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வித்து வாங்கும்போது தயாரித்த தேதியைக் கேளுங்கள். மூன்று வாரம் தாண்டியிருந்தால், அல்லது பையைத் திறக்குமுன்பே புளித்த வாடை வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.