மூன்று கவுண்டிகளின் எண்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய விவாதம் சூடுபிடிக்கும்போதெல்லாம் 2.7 என்ற எண் தலைகாட்டும். துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் கொலையுண்டு போகும் ஆபத்து அத்தனை மடங்கு என்பது அதன் பொருள். 1993-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மருத்துவர் ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின் முடிவு அது.

ஆய்வு நாடு முழுவதும் நடக்கவில்லை. சியாட்டில், மெம்பிஸ், கிளீவ்லாந்து நகரங்கள் அடங்கிய மூன்று கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) நடந்தது. தம் வீட்டிலேயே கொல்லப்பட்ட 388 பேரை, அதே சுற்றுப்புறத்தில் வசித்த, அதே பாலினமும் இனமும் ஒத்த வயதும் கொண்டவர்களுடன் ஒப்பிட்டார்கள். நல்ல முறைதான். எனினும், ஏற்கெனவே அச்சுறுத்தலுக்கு ஆளான ஒருவர் அந்த அச்சத்தாலேயே துப்பாக்கி வாங்கியிருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று முற்றாகப் பிரிப்பது கடினம். மேலும், அப்பகுதிகளில் நிகழ்ந்த கொலைகளில் வீட்டுக்குள் நடந்தவை ஏறத்தாழ கால் பங்குதான்.

இந்த வரம்புகளை எதிர்ப்பாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்பதில்லை. ஊரகப் பகுதிகளுக்கும் ஹிஸ்பானியக் குடும்பங்களுக்கும் இம்முடிவு பொருந்தாமல் போகலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். அரசியல் மேடைக்கு எண் மட்டும் வந்தது. எச்சரிக்கை இதழிலேயே தங்கிவிட்டது.

மடங்கு என்பது ஓர் ஒப்பீடு. லட்சத்தில் ஒருவருக்கு நேரும் ஆபத்தும் ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் ஆபத்தும் ஒரே 2.7-ஆல் பெருகினாலும், கூடுதலாகச் சாகிறவர்களின் எண்ணிக்கை ஒன்றாகாது. வேட்டைத் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் சிற்றூருக்கும், தலையணைக்கடியில் கைத்துப்பாக்கி இருக்கும் நகரத் தெருவுக்கும் அந்த மடங்கே மாறவும் கூடும். தேசியக் கொள்கை வகுப்போருக்குத் தேவைப்பட்டது இந்த விவரம்.

மூன்று கவுண்டிகள் போதாதென்றால் முப்பதில் ஆராய்வதே முறை. அமெரிக்க நாடாளுமன்றம் செய்ததோ நேர்மாறு. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் காயத் தடுப்பு நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது என 1996-இல், உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அறியப்படும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காய ஆய்வுக்கு அம்மையம் செலவிட்ட அதே 26 லட்சம் டாலரும் வேறு பணிக்குத் திருப்பப்பட்டது. ஆய்வுக்கு நேரடித் தடை ஏதுமில்லை. ஆனால் மிரட்டலின் தொனி அதிகாரிகளுக்குப் புரிந்தது. ஆய்வுகள் அருகின.

அத்தகைய ஆய்வு தேவை என்று 2012-இல் டிக்கியே எழுதினார். நிதி திரும்பியது 2019-இன் இறுதியில்: 2.5 கோடி டாலர். அதுவரை இரு தரப்பினரும் மோதிக்கொண்டது பெரும்பாலும் பழைய எண்களை வைத்துத்தான்.