பீரோவுக்குள் ஒரு பட்டம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளகோவிலில் முருங்கைக்காய் கொள்முதல். சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும். மர முருங்கை கிலோ என்ன, செடி முருங்கை என்ன, கரும்பு முருங்கை என்ன என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்ப் பருப்புக்கும் சூரியகாந்தி விதைக்கும் அப்படித்தான். விலை விழுந்தால் விவசாயி வயிறெரிவார், ஆனால் எவ்வளவு விழுந்தது என்று அவருக்குத் தெரியும்.

விலை சொல்லாமலே வாங்கப்படும் ஒன்றும் இதே ஊரில் இருக்கிறது. ஏப்ரல் பிறந்ததும் பேருந்து நிலையச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆங்கில ஆசிரியர் தேவை, எம்.ஏ., பி.எட்., முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, வேன் வசதி உண்டு என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டு, சம்பளம் என்று வரும் இடத்தில் மட்டும் 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் என் அக்கா 2011 ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள்.

அப்பா தறி ஓட்டியவர். வீட்டில் முதல் பட்டம் அக்காவுடையது. இன்டர்வியூவில் தாளாளர் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் எல்லாம் கையில இருக்குதுங்களா மிஸ்?" எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.ஏ., எம்.ஏ., பி.எட். என ஃபைலோடு கொடுத்தாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். ரசீது எதுவும் தரவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. மாதம் 6,000 ரூபாய். வருடத்தின் நடுவில் நின்றால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் நகல் கிடையாது.

இது ஒரு பள்ளியின் தனிக் குணம் என்றால் நான் எழுதவே மாட்டேன். ஈரோடு, நாமக்கல், திருப்பூர் என்று எந்தப் பக்கம் போய் எந்தத் தனியார் பள்ளி ஆசிரியரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் அந்த பீரோ வந்துவிடும். மற்ற வழக்கங்கள் அப்புறம் ஒவ்வொன்றாக வரும். ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் பிடித்தம். பள்ளி இல்லாத மே மாதம் சம்பளம் கிடையாது, ஆனால் அந்த வெயிலில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடித்துக் கொடுக்க வேண்டும். மாலையில் வேன் டூட்டி, இரவில் விடுதியில் ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சம்பளம் வங்கிக் கணக்கில் ஒரு தொகையாக ஏறும். ஏடிஎம் கார்டு ஆபீஸில் இருக்கும், அல்லது மீதியைக் கவரில் போட்டு ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிபிஎஸ்இ இணைப்பு விதிகள் அந்தந்த அரசு வகுத்த ஊதியத்தை ஆசிரியருக்குத் தரச் சொல்கின்றன. காகிதத்தில் விதி நிறைவேறிவிடும். கவர் கணக்கில் வராது.

கொங்குப் பகுதிக்கு இப்படிப் பிடித்து வைக்கும் ஏற்பாடு புதிதல்ல. 'சுமங்கலித் திட்டம்' என்று ஒரு காலத்தில் இங்கே பெயர் போட்டே நடந்தது. கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் மில் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். இடையில் நின்றால் அந்தத் தொகை போச்சு. உழைப்பவருக்குச் சேர வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நகரவிடாமல் செய்வதுதான் அங்கே சூத்திரம். மில்லில் பணத்தை வைத்துக்கொண்டார்கள், பள்ளியில் படிப்பை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஆனால் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்களுக்குச் சங்கம் உண்டு. கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றதை நாம் பார்த்தோம். ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது, எத்தனை சதவீதம் என்று பேசினார்கள். ஆசிரியருக்கு ஏன் அப்படி ஒரு மேசை அமையவில்லை? பயம் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். அந்தக் கதையில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது.

சுந்தராம்பாள் என்ற ஆசிரியை கோவாவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். 1975 ஏப்ரலில் அவரை நிறுத்திவிட்டார்கள். தொழிற்தகராறு சட்டத்தின்படி நியாயம் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1988 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் ஒரு தொழில் நிறுவனம்தான் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் கற்பித்தல் உடலுழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, அது ஓர் உயர்ந்த பணி. ஆகவே அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று முடிந்தது. பள்ளியில் மணியடிப்பவரும் வேன் ஓட்டுபவரும் தொழிலாளர் நீதிமன்றப் படி ஏற முடிந்தது. வகுப்பெடுப்பவரால் முடியவில்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் அக்காவின் பள்ளி ஆண்டுவிழா நினைவுக்கு வரும். மேடையில் பேசிய ஒவ்வொருவரும் புனிதப் பணி என்றார்கள். அந்த மாதச் சம்பளம் இருபதாம் தேதிதான் வந்தது. உயர்ந்த பணி என்று சொல்லியே கூலியைப் பற்றிப் பேசவிடாமல் செய்துவிட்டோம். பேசினால் பணத்தாசை பிடித்த டீச்சர் என்று பெயர் வந்துவிடும்.

பணிக்கொடையிலும் இதே கதைதான் நடந்தது, முடிவு மட்டும் வேறு. 2004-ல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்றது. அந்தக் குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்த்தது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்த தனியார் பள்ளி ஆசிரியர், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை கேட்கலாம். மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு.

அக்கா எட்டு வருடம் முடித்தபோது அவள் சம்பளம் 13,000. வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு 7,500, மொத்தம் 60,000 ரூபாய். அப்படி ஒன்று தனக்கு வரவேண்டும் என்றே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வருங்கால வைப்பு நிதியும் அப்படித்தான். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்களை 1982-லேயே அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

2019-ல் அவள் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதினாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அசல் வேண்டும். ஆபீஸில் கேட்டதற்கு, "பப்ளிக் எக்ஸாம் முடியட்டுமுங்க மிஸ்" என்றார்கள். சரிபார்ப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. கடைசியில் நின்றுவிடுவதாக எழுதிக் கொடுத்து, சீட்டுப் பணத்தை எடுத்து 39,000 ரூபாய் கட்டிய பிறகுதான் பீரோ திறந்தது. வீட்டுக்கு வந்து ஃபைலைப் பிரித்தபோது அப்பாதான் முதலில் பார்த்தார். ஆபீஸ் ஃபைலில் கோப்பதற்காகப் பட்டச் சான்றிதழின் ஓரத்தில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். "என்ன அம்மிணி, இதுலயுமா?" என்றார். வேறெதுவும் பேசவில்லை. அக்காவுக்கு அரசு வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை.

இப்படிச் சான்றிதழைப் பிடித்து வைக்க ஒருவருக்கும் உரிமையில்லை. சான்றிதழ் சந்தையில் விலைபோகும் பொருள் அல்ல, கடனுக்காக நகையைப் பிடித்து வைப்பதுபோல அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பொறியியல் கல்லூரிகள் பேராசிரியர்களின் அசலை வாங்கி வைக்கக் கூடாது என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு உத்தரவிட்டிருக்கிறது. பத்திரத்தில் எழுதி வாங்கும் அபராதமும் எழுதிய தொகை முழுக்கச் செல்லாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. எல்லாப் பத்திரமும் வெற்றுக் காகிதம் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்பே வேலையை விட்டால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆளெடுக்க அந்த வங்கி அகில இந்திய அளவில் தேர்வு நடத்திச் செலவழித்தது. சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பயிற்சி எதுவும் தராமல் மறுநாளே வகுப்புக்கு அனுப்பிய பள்ளி என்ன இழப்பைக் காட்டும்?

பள்ளி நடத்துபவர்களிடமும் பேசினேன். கட்டணத்தை 2009-ம் ஆண்டுச் சட்டப்படி குழு நிர்ணயிக்கிறது, பெற்றோர் பாக்கி வைக்கிறார்கள், கட்டாயக் கல்விச் சட்டத்தில் சேர்த்த 25 சதவீதப் பிள்ளைகளுக்கான அரசுப் பணம் வருடக்கணக்கில் இழுக்கிறது என்றார்கள். மூன்றும் உண்மை. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த நிதித் தகராறில் அந்தப் பணம் மேலும் சிக்கியது. சின்னப் பள்ளிகள் திணறுவதை நான் மறுக்கவில்லை. பணமில்லாததால் சம்பளம் குறைகிறது என்றால் புரிகிறது. பணமில்லாததற்கும் அடுத்தவர் பட்டத்தை பீரோவில் பூட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்விக்கு ஒருவர் மட்டும் நேராகப் பதில் சொன்னார். "இல்லீன்னா ஜனவரியில பாதிப் பேரு போயிருவாங்கங்க." ஏன் போகிறார்கள் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அரசே நல்ல முன்மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அது 12,500 ஆவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அத்தனை வருடமும் மே மாதம் அவர்களுக்குச் சம்பளம் இல்லை. 2022-ல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு 7,500 என்று அறிவித்தார்கள். அரசு போடும் விலை இதுவாக இருந்தால் தாளாளர் மேசையில் பேரம் எங்கே தொடங்கும்?

உள்ளூர் வேண்டாம் என்று கடல் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அக்காவோடு வேலை பார்த்த ஆங்கில ஆசிரியர் ஒருவர் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் வகுப்பெடுத்தார். சம்பளம் அங்கத்து ருஃபியாவில். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது 2011 முதல் அரசு கணக்கு. அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்த்துத்தான் இங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போன பிறகுதான் வங்கியில் அந்த விலைக்கு டாலர் அளந்து அளந்துதான் கிடைக்கும் என்பது தெரிந்தது. வெளியில் வாங்கினால் கூடுதல் விலை. "சம்பளத்துல யாரும் கை வெக்கிலீங்க. அனுப்பறதுலதான் போச்சு" என்றார். ஒப்பந்தத்தில் தொகை எவ்வளவு என்று இருந்தது, எந்தப் பணத்தில் ஊருக்குப் போகும் என்று இல்லை.

தென் கொரியாவில் ஆங்கிலம் சொல்லித்தரும் விசா அமெரிக்கா, பிரிட்டன் போன்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியாவோடு போட்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது நமக்கும் ஒரு கதவு திறந்தது, துணை ஆசிரியராக. எம்.ஏ. ஆங்கிலம் படித்து இருபது வருடம் இலக்கணம் நடத்தியவருக்கு அந்த இடம்தான்.

ஏமாந்தால் யாரிடம் போவது என்பதிலும் ஒரு முரண் இருக்கிறது. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் அதிகம் படிக்காதவர்களைக் காக்க வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா முதலான 18 நாடுகளுக்குப் போகும் முன் அவருடைய ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். படித்த ஆசிரியருக்கு அந்த அனுமதியே தேவையில்லை, ஆகவே அவருடைய காகிதத்தை யாரும் பார்ப்பதுமில்லை. மாலத்தீவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பதும், 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது என்பதும் இங்கிருந்து போகிறவர்களில் பலருக்குத் தெரியவில்லை. படித்தவருக்குத் தானே தெரியும் என்று சட்டம் நினைக்கிறது. பத்திரத்தின் நகலைக் கேட்கத் தோன்றாத என் அக்காவும் படித்தவள்தான்.

இப்போது அவள் வீட்டுத் திண்ணையில் ட்யூஷன் எடுக்கிறாள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். இந்த வருடம்தான் பி.எட். முடித்திருக்கிறாள், மறுநாள் காங்கயம் ரோட்டில் ஒரு பள்ளியில் இன்டர்வியூ. "அக்கா, ஜெராக்ஸ் மட்டும் கொண்டு போனாப் போதுங்களா?" என்று கேட்டாள். கூட வந்த அவள் அப்பா அவசரமாக, "ஒரிஜினலையும் எடுத்துக்க கண்ணு, இல்லீன்னா நம்மள நம்பலீன்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

அக்கா உள்ளே போய்த் தன் பட்டச் சான்றிதழை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஓரத்து ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மகளிடம், ஜெராக்ஸ் கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்று கேட்டார்.