பழைய ஆயுதங்களை எப்படிப் பார்ப்பது?



தைப்பிங் நகரிலுள்ள பேராக் அருங்காட்சியகத்திற்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவிலாவது போயிருப்பீர்கள். 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அதுவே நம் நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். அது அமைந்துள்ள சாலையின் பெயர் ஜாலான் தாமிங் சாரி. தாமிங் சாரி என்பது ஒரு கிரிஸ் கத்தியின் பெயர். மலாக்கா வீரர் ஹங் துவா, மஜபாகித்தில் ஒரு வீரனை வென்று பெற்றது என்று மலாய் இலக்கியம் கூறும் கத்தி அது. அப்பெயர் தாங்கிய கிரிஸ் இன்று பேராக் அரச சின்னங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

ஒரு கத்திக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சாலைக்கும் சூட்டியிருக்கிறார்கள். நாமோ ஆயுதங்கள் இருக்கும் கண்ணாடிப் பேழை முன் அரை நிமிடம் நின்று, "அப்பா, என்ன கூர்மை!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் எல்லாக் கத்தியும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நிறைய விளங்கும். இது எதனால் ஆனது? எப்படிப் பயன்பட்டது? யாருடையது?

முதல் கேள்விக்குக் கிரிஸையே எடுத்துக்கொள்வோம். அதன் அலகைச் சற்றுக் குனிந்து பாருங்கள். மரத்தின் வரிகள்போல, நீரலைபோல வெளிர்க் கோடுகள் ஓடும். அது மேலே வரைந்த ஓவியம் அன்று. வெவ்வேறு வகை இரும்புகளை அடுக்கி, நெருப்பிலிட்டு, அடித்து, மடித்து, மீண்டும் அடித்து ஒன்றாக்குகிறான் கொல்லன். பின்னர் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் கலந்து கழுவும்போது ஓர் இரும்பு கறுக்கிறது, நிக்கல் கலந்த இரும்பு வெளுப்பாக நிற்கிறது. அலகு வளைந்திருந்தால் வளைவுகளை எண்ணிப் பாருங்கள். மரபுப்படி அவை ஒற்றைப்படையில்தான் வரும். பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதையும் கவனியுங்கள். வெட்டுவதைவிடக் குத்துவதற்கு ஏற்ற பிடி அது. இந்தோனேசியாவின் கிரிஸ் கலையை 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

எப்படிப் பயன்பட்டது என்ற இரண்டாவது கேள்விக்கு, ஈப்போவாசிகளுக்கு நெருக்கமான ஒரு சான்று உண்டு. ஒராங் அஸ்லி மக்களின் ஊதுகுழலான சும்பித்தான் வெறும் மூங்கில் குழாய்போலத் தெரியும். அதன் வலிமை குழாயில் இல்லை. உள்ளே போகும் சிறு அம்பின் நுனியில் தடவிய நஞ்சில் இருக்கிறது. அந்த நஞ்சு ஈப்போ மரத்தின் பால். நம் நகருக்குப் பெயர் தந்த மரமே அதுதான். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் ஒன்று நிற்கிறது. மரப்பட்டையைக் கீறி, வடியும் பாலைச் சேர்த்து, நெருப்பில் காய்ச்சிக் குழம்பாக்கிப் பூசுவார்கள். அது இரத்தத்தில் கலந்தால் இதயத்தைத் தாக்கும். பட்டையைக் கீறிப் பாலெடுப்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் புதிதா? ரப்பர் இந்த மண்ணுக்கு வருமுன்பே அந்த வித்தை இங்கே இருந்திருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. யாருடையது என்று தெரியாவிட்டால் எந்த ஆயுதமும் பழைய இரும்புதான். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் சிவாஜி 1855ஆம் ஆண்டு ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள், கட்டாரி, அங்குசம் போன்றவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். மிஞ்சியவற்றைத்தான் இன்று எழும்பூரிலும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் பார்க்கிறோம்.

அதே கதை இப்போது நம் கண்முன் நடந்து வருகிறது. பேராக் தோட்டங்களில் முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் சார்த்திய அரிவாள், வேல், சூலம் எத்தனை! அவற்றில் பல, தோட்டத்துப் பட்டறையிலேயே அடிக்கப்பட்டவை. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதியாகவோ செம்பனைக் காடாகவோ மாறும்போது கோயில் இடம் மாறுகிறது. புதுக் கோயிலுக்குப் பளபளப்பான புது அரிவாள் வருகிறது. துருப்பிடித்த பழையது எங்கே போகிறது?

வழிபாட்டுப் பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது சாமியிடமே இருக்கட்டும். கோயில் பொறுப்பாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, நீளத்தை அளந்து, எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தது, யார் அடித்தது, யார் நேர்ந்து கொடுத்தது, எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கொல்லன் போட்ட குறியும் பொறித்த எழுத்தும் அதோடு போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, இலேசாக எண்ணெய் பூசினால் போதும்.

இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப்போய், அந்தத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஒரு கத்தி அரச சின்னமாக வாழ்கிறது. பெயர் தெரியாத கத்திகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. நம்முடையவை எந்தப் பக்கம் போகும் என்பது நாம் எழுதி வைப்பதில் இருக்கிறது.