ஒரு கட்டத்துக்குள் அடங்கும் மலை

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே விரிகிறது நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை. வடக்கு தெற்காகச் சுமார் 29 கி.மீ., கிழக்கு மேற்காகச் சுமார் 19 கி.மீ. ஆனால், உலகக் காற்றுத்தர முன்னறிவிப்பில் இது தனி மலையாகத் தெரிவதே இல்லை. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை, அடுத்த ஐந்து நாட்களுக்கான தூசு, ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு அளவுகளைக் கணித்து நாள்தோறும் இலவசமாகத் தருகிறது. அந்தக் கணக்கில் பூமி சுமார் 40 கி.மீ. அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. மலை முழுவதும், அடிவார ஊர்களோடு சேர்ந்தே, அப்படி ஒரு கட்டத்தின் பரப்பில் அடங்கிவிடும். மலைமேல் உள்ள செம்மேட்டு மிளகுத் தோட்டத்துக்கும் கீழே உள்ள சேந்தமங்கலம் கடைவீதிக்கும் ஒரே எண் வந்தால் வியப்பில்லை.

செயற்கைக்கோளின் பார்வை இதைவிடக் கூர்மையானது. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி கோளில் உள்ள ட்ரோபோமி கருவி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு நீல ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து வாயுவின் அளவு தெரியும். இதன் ஒரு புள்ளி சுமார் 5.5 கி.மீ.க்கு 3.5 கி.மீ. கொல்லிமலைக்கு இப்படிப் பல புள்ளிகள் கிடைக்கும். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லுக்கு முக்கியமான அம்மோனியாவை இது காண்பதில்லை. அதற்கு மெட்ஆப் கோள்களில் உள்ளது போன்ற அகச்சிவப்புக் கருவி வேண்டும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சென்டினல்-5பி நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். தை, மாசிக் காலைகளில் சமவெளியின் புகையும் தூசும் தரையை ஒட்டிச் சில நூறு மீட்டருக்குள் அடைந்து கிடக்கும். மலை அதற்கு மேலே நிற்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று கலந்து எழும்பும். காற்று கலக்கும் அந்த அடுக்கு ஒன்றரை, இரண்டு கி.மீ. வரைகூட உயரும். கீழே இருந்த அழுக்கு மலைமேல் வந்து சேர அப்போது வழி பிறக்கிறது. காலையில் செம்மேட்டில் ஒருவர் சுவாசிக்கும் காற்றும் பிற்பகலில் அவர் சுவாசிக்கும் காற்றும் வேறு வேறாக இருக்கலாம். கோள் பார்ப்பது பிற்பகலை மட்டும்.

இன்னொன்று: கோள் அளப்பது தரையிலிருந்து மேல்நோக்கிய முழு வாயுத் தம்பத்தை. சமவெளியின் தம்பத்தில் கூடுதலாக ஒரு கி.மீ. காற்று இருக்கிறது, மாசு பெரும்பாலும் தங்கும் அடிப்பகுதியும் அதுதான். மலைமேல் எண் குறைவாக வந்தால், காற்று தூய்மையா, தம்பம் குட்டையா என்று கேட்காமல் மகிழக் கூடாது.

காட்டுத்தீயில் கதை வேறு. வேறு செயற்கைக்கோள்களில் உள்ள, வெப்பத்தைக் காணும் விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவில் தீப்புள்ளிகளைக் குறிக்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இந்தத் தகவலைக் குறுஞ்செய்தியாக வனத்துறையினருக்கு அனுப்புகிறது. கோடையில் காய்ந்த சரிவுகளுக்கு இதைவிடப் பயனுள்ள விண்வெளிச் சேவை எனக்குத் தெரியவில்லை.

காற்றுக்கும் இப்படி ஒரு பயன் கிடைக்க, அடிவாரத்தில் ஒன்று, செம்மேட்டில் ஒன்று என இரண்டு தரைக் கருவிகள் வேண்டும். மலையேறும் பேருந்தில் ஒரு சிறிய தூசு உணரியையும் பொருத்தலாம். 70 வளைவுகளையும் கடக்கும்போது, கோள் பிரித்துக் காட்டாத அந்த அடிப்பகுதியைப் பேருந்து படிப்படியாக அளந்துவிடும். பள்ளி மாணவர்களே அந்த எண்களைக் கோளின் தரவோடு ஒப்பிடலாம்.