டிங்கியைக் காட்டும் பொன் துகள்

கூலாய்த் தோட்டத்தார்க்கு டிங்கிக் காய்ச்சல் புதியதன்று. அதனைக் கண்டறியக் கிளினிக்குகளில் பயன்படும் சிறு அட்டையில் பொன் துகள்கள் உள்ளன. ஒரு துகள் ஏறக்குறைய மில்லிமீட்டரில் 25,000இல் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய பொன் மஞ்சளாக அன்றிச் சிவப்பாகத் தோன்றும்!

டிங்கிக் கிருமி பெருகும்போது ‘என்.எஸ்.1’ என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. துகள்மேல் பூசிய எதிர்ப்பொருள் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். துகள்கள் அதனுடன் நகர்ந்து, குறித்த இடத்தில் சிக்கிச் செங்கோடாகத் தெரியும். சுமார் 20 நிமிடங்களே ஆகும்.

காய்ச்சல் கண்ட முதற்சில நாள்களிலேயே இச்சோதனை பெரிதும் பயன்படும். கோடு தோன்றாவிடினும் டிங்கி இல்லையென்று உறுதியாகாது. காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குச் செல்க. பால் வெட்டாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பீர். அவற்றில் தேங்கும் மழைநீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.